கரும்பின் கருவறிந்த ஜானகி அம்மாள்

ஒருவரின் மரபணுவை ஆராய்ந்து, அவருக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். இந்த மரபியல் துறையில், பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாயிருந்த நாளில் புகுந்து புகழ் பெற்றவர் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில், நீதிபதி ஒருவரின் பெரிய குடும்பத்தில் பிறந்தார். சகோதரிகள் ஒவ்வொருவராக மணமாகிச் சென்றனர். இவரோ கல்வியையே தேர்ந்தார். இறுதிவரை மணம் புரியவில்லை. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஆற்றினார். அங்கிருந்து, கீழைநாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

திரும்பி வந்தவர் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. நம் வட்டக்கோட்டையும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததே என்பதால், அவர் நம்மூர்ப் பேராசிரியை என்று நாம் சற்று உரிமை கொண்டாடலாம்!

பின்னர் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம். வெளிநாட்டுக் கரும்பில் இனிப்பு மிகுதி. ஆனால் நம் மண்ணின் நோய்களை அது தாங்காது. ஆற்றோரத்து நாணலுக்கோ இனிப்பில்லை, உறுதியுண்டு. இவ்விரண்டையும் கலந்து புதுக் கரும்பு உண்டாக்கும் பணி அங்கே நடந்து வந்தது. எது எதனோடு சேரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியுமா? உயிரணுவின் உள்ளே நூலிழை போல் கிடக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தாக வேண்டும். அம்மையார் அதைச் செய்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடுங்கூடக் கலந்து பார்த்தார். ஆயினும் பெண் என்பதாலும், பிறந்த சாதியாலும் உடன் பணியாற்றிய ஆடவரிடையே அவருக்கு மனக்கசப்புகள் நேர்ந்தன.

1940 முதல் இலண்டனில் பணி. குண்டுகள் விழுந்த நாட்களிலும் ஆய்வை விடவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-ல் பெருநூல் வெளியிட்டார். அடுத்து விஸ்லி தோட்டத்தில், நம் செண்பகத்திற்கு உறவான மக்னோலியாக்களை ஆராய்ந்தார். நம் வேலியோரச் செங்காந்தள் கிழங்கிலும் உள்ள கால்சிசின் என்னும் நச்சுப்பொருளை இட்டால் குரோமோசோம்கள் இரட்டிக்கும். அவ்வாறு அவர் வளர்த்த மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேரு அழைக்க, 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்து, மதுரவாயலில் இருந்த அதன் ஆய்வுத் தோட்டத்திலேயே குடியிருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. எளிய வாழ்வு மட்டும் மாறவில்லை.

எண்பது வயதைக் கடந்தபின், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை நீரில் மூழ்கடிக்க இருந்த அணைத் திட்டத்தை எதிர்த்தவர்களோடு நின்றார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களையும் ஆராய முற்பட்டார். 1984 பிப்ரவரியில், மதுரவாயலில் ஆய்விலிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அணை கட்டப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.