சோஜர்னர் ட்ரூத் அம்மையாரும் அவரது ஆக்ரன் பேச்சும்

பேச்சுப் போட்டி என்று அறிவித்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது அடுக்குமொழியைத்தான். கைதட்டல் விழக்கூடிய இடங்களைக் கோடிட்டு வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறோம். சொல்ல வந்த கருத்துக்குக் காரணம் என்ன, எதிர்த்துக் கேட்டால் அந்தக் காரணம் நிற்குமா என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணியிடம் அதை நாம் கற்றுக்கொள்ளலாம். அவரே சோஜர்னர் ட்ரூத் அம்மையார்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் வட்டாரத்தில், 1797ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். பெற்றோர் அடிமைகள்; ஆகவே குழந்தையும் அடிமை. இசபெல்லா என்பது அன்றைய பெயர். டச்சுக்காரரின் பண்ணையில் பிறந்தமையால் அவர் முதலில் கற்ற மொழி டச்சு. ஏறத்தாழ 9 வயதில், ஆட்டு மந்தை ஒன்றோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டார். வாங்கிய வீட்டார் பேசியது ஆங்கிலம். வாணலியை எடுத்து வரச் சொன்னால், விளங்காமல், அடுப்பின்மேல் பானை தொங்கவிடும் கொக்கியைக் கொண்டுவந்து நிற்பார். அதற்கு அடி விழும். மொழி தெரியாத குழந்தைக்கு மொழி தெரியவில்லை என்பதற்காகவே அடி!

பின்னர் வேறு எசமானர்களிடம் கைமாறினார். 1827ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நியூயார்க்கில் அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் கூறியிருந்தது. ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக எசமானர் வாக்களித்து, பிறகு மறுத்துவிட்டார். 1826ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விடியற்காலை, கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு இசபெல்லா வெளியேறினார். அவருடைய மகன் பீட்டர், சட்டத்திற்கு மாறாகத் தென்மாநிலமாகிய அலபாமாவிற்கு விற்கப்பட்டிருந்தான். அத்தாய் நீதிமன்றப் படியேறி, 1828இல் மகனை மீட்டார். வெள்ளையரை எதிர்த்து ஒரு கறுப்பினப் பெண் வழக்காடி வெல்வது அந்நாளில் அரிதினும் அரிது. 1843ஆம் ஆண்டு பெந்தகோஸ்து திருநாளன்று, ஊர் ஊராகச் சென்று உண்மையை உரைக்கும் வழிப்போக்கர் என்று பொருள்பட, புதிய பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார்.

1851ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. பெண்ணுக்கு உடல் வலிமை போதாது, அறிவு போதாது, ஏவாள்தானே முதலில் பாவம் செய்தவள் என்பன அக்காலத்தில் பெண்ணுரிமைக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணங்கள். இம்மூன்றையும் அம்மையார் சுருக்கமான ஒரே பேச்சில் எதிர்கொண்டார். எப்படி என்று சற்று நின்று கவனிப்போம்.

வலிமைக்கு அவர் காட்டிய சான்று தம் உடலே. உழுதிருக்கிறார், அறுத்திருக்கிறார், மரம் வெட்டியிருக்கிறார். ஆண் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் மெலியவர் என்னும் கூற்றை முறிக்க, மெலியரல்லாத ஒரே ஒரு பெண் போதும். அது மட்டுமன்று. பெண் மென்மையானவள் என்று சொன்னவர்கள் வசதி படைத்த வெள்ளையர் வீட்டுப் பெண்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தனர். வயலில் வதங்கிய கறுப்பினப் பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர் எழுந்து நின்றதே அந்தக் கணக்கைப் பிழையாக்கிவிட்டது.

அறிவைப் பற்றிச் சொல்லும்போது வேறு வழியில் போனார். ஆணுக்கு ஒரு குவார்ட், பெண்ணுக்கு ஒரு பைன்ட் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சிறிய அளவை நிரப்பிக்கொள்ளக் கூடாதா என்றார். பைன்ட் என்பது குவார்ட்டில் பாதி. நம் பாட்டிமார் அறிந்த உழக்கும் உரியும் போல. உழக்கு கொள்வதற்குமேல் யாரும் எடுத்துவிட முடியாதே, பிறகு அஞ்சுவானேன்? எதிரியின் கூற்றை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டு, அதிலிருந்தே தம் முடிவை வருவிக்கும் முறை இது. விட்டுக்கொடுத்தது சற்று அதிகமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அவர் உழக்குதான் என்று கூறவில்லை. உழக்கானால் என்றுதான் கூறினார்.

மூன்றாவதற்கு விடையை வேதத்திலிருந்தே எடுத்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டுத் தேர்ந்தவர் அல்லவா! ஒரு பெண் உலகைக் கவிழ்த்தாள் என்றால், அதை நிமிர்த்தி வைக்கவும் பெண்ணுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தானே வேண்டும் என்றார். லாசர் இறந்தபோது மரியாளும் மார்த்தாளும் வந்து மன்றாடியதையும், இயேசு பெண்ணை ஒருபோதும் தள்ளிவிடாததையும் நினைவூட்டினார். இயேசு இவ்வுலகிற்கு வந்தது இறைவனாலும் ஓர் அன்னையாலும். அதில் ஆணின் பங்கு எங்கே என்று வினவினார். முடிவில், ஒரு புறம் அடிமையும் மறுபுறம் பெண்ணும் உரிமை கேட்டு வருகையில், ஆண் இரு பருந்துகளுக்கிடையே அகப்பட்டவன் போலத் திண்டாடுகிறான் என்று நகைச்சுவையாக அமர்ந்தார். இன உரிமையும் பெண்ணுரிமையும் வேறு வேறு வழக்குகள் என எண்ணியவர்களுக்கு அந்தச் சிரிப்பிலேயே மறுப்பு இருந்தது.

இவ்வளவும், மாநாட்டின் செயலாளராக இருந்த மாரியஸ் ராபின்சன், அதே ஆண்டு ஜூன் 21ஆம் நாள் ஓர் அடிமை ஒழிப்பு இதழில் வெளியிட்டவை. உலகம் அறிந்த பேச்சோ வேறு. மாநாட்டுத் தலைவி பிரான்சஸ் கேஜ் அம்மையார் 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், அதை நினைவிலிருந்து எழுதினார். தாமும் ஒரு பெண் அல்லவா என்று அம்மையார் திரும்பத் திரும்பக் கேட்டதாக அதில்தான் வருகிறது. ராபின்சன் குறிப்பில் அது இல்லை. டச்சு பேசி வளர்ந்த நியூயார்க் பெண்மணி, அதில் தென்மாநிலத்து அடிமைகளின் கொச்சை பேசுகிறார்! ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய்க்குப் பதின்மூன்று பிள்ளைகள்! கேஜ் அம்மையார் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கறுப்பினத்தவர் இப்படித்தான் பேசுவர் என்று அவர் கருதிய சாயல் அதில் படிந்துவிட்டது. அந்தப் பல்லவிக்கே கைதட்டல் அதிகம். அதனால் உழக்குக் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது.

அம்மையார் 1864இல் குடியரசுத் தலைவர் லிங்கனைச் சந்தித்தார். விடுதலை பெற்ற மக்களுக்காக வாஷிங்டனில் பணியாற்றினார். தம் நிழற்படம் அச்சிட்ட சிற்றட்டைகளை விற்றுச் செலவுக்குப் பணம் தேடினார். அவற்றில் சிலவற்றில், மூக்குக் கண்ணாடியணிந்து, பின்னல் வேலையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். 1864இல் அப்படங்களின் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவு செய்து, அதை அட்டையிலும் அச்சிடச் செய்தார். 1883ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் நகரில், தம் வீட்டில் காலமானார்.