காலரா விஷத்தைக் கண்டுபிடித்த சம்புநாத் டே



வாந்திபேதி என்றாலே நம்ம பாட்டிமார்களுக்கு இன்னமும் நடுக்கம்தான். அந்தக் காலராவின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு கிராமத்துப் பையன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சம்புநாத் டே 1915-ல் வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா சின்ன வியாபாரி. உதவித்தொகையை நம்பித்தான் படிப்பு. கல்கத்தாவில் டாக்டரானார். 1947-ல் லண்டன் போனவர், 1949-ல் பிஎச்.டி. முடித்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார்.

காலராக் கிருமியை 1884-லேயே அதே கல்கத்தாவில் ராபர்ட் காக் பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அது ஆளை எப்படிக் கொல்லுது? கிருமி செத்து உடையும்போது அதன் விஷம் ரத்தத்தில் கலக்கிறது என்று நம்பி, பலரும் விலங்குகளின் ரத்தத்தில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நோய் குடலில் இருக்கும்போது ஊசி எதுக்கு ரத்தத்தில் என்று யோசித்தார் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தப் பகுதி நீர் கோத்து வீங்கியிருந்தது! இது 1953-ல் வெளியானது.

1959-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். கிருமிகளை வடிகட்டிவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்பவும் குடல் வீங்கியது. ஆக, கிருமி வெளியே விடும் விஷம்தான் குற்றவாளி!

அந்த விஷம் செல்லைப் பிடிக்கும் விதத்தை 1970-களில் மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். செல்லின் சவ்வில் ஜிஎம்1 என்று சர்க்கரை ஒட்டிய ஒரு கொழுப்பு உண்டு. விஷத்தின் ஐந்து துண்டுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறாவது துண்டு உள்ளே போய், உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டும்படி செய்துவிடும். வேறு சில கிருமிகளின் விஷம் சவ்வில் ஓட்டையே போடும். அவற்றில் பலவற்றுக்குச் சவ்வில் கொலஸ்ட்ரால் இருந்தாகணும். பூட்டு நம்ம செல்லில், சாவி கிருமியிடம்!

நோபல் பரிசு பெற்ற லெடர்பெர்க், டே பெயரை ஒருமுறைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. நம்ம நாடும் அவரைப் பெரிசாகக் கொண்டாடவில்லை. 1973-ல் ஓய்வு பெற்று, 1985-ல் மறைந்தார். அவர் மறைந்த பிறகுதான் பலரும் அவரைப் பற்றி எழுதினார்கள்.

லேப்பில் அது இல்லை, இது இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அவர் கையில் இருந்தது முயல், நூல், ஊசி, அப்புறம் ஒரு சரியான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. நாமும் கேட்போம், தோழர்களே!