காந்தமுனைகளுக்கு இடையே ஒரு படிகம்

தாம்பரத்தின் கிழக்கே மரங்கள் அடர்ந்த வளாகத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அமைந்துள்ளது. 1937இல் இங்கு இடம்பெயரும் முன்னர் அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இயங்கியது. அங்கே வேதியியல் துறையில் செய்முறைப் பயிற்றுநராக இருந்த இளைஞர் ஒருவர், நண்பகல் இடைவேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்து, அறிவியலில் எந்த ஐயத்தையும் கேட்கச் செய்வார். பிற கல்லூரி மாணவர்களும் அவரை நாடி வந்தனர். அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், 1920இல் கல்கத்தா சென்றார். 1923 முதல் இராமனுடன் ஆய்வில் ஈடுபட்டார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சோதனைகளில் உடனிருந்து உழைத்தார். அவர் பெயரை இந்த ஒரு நிகழ்வோடு மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம், அது முறையன்று.

அவருடைய தனிப்பெரும் பணி, 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின் தொடங்கியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தமுனைகளுக்கு இடையே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்க, காந்தப்புலத்தின் பிடியில் நின்ற படிகம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சட்டெனத் திரும்பிவிடும். அக்கோணத்தைக் கொண்டே, திசைக்குத் திசை படிகத்தின் காந்தப்பண்பு எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணக்கிட்டார். விலைமிக்க கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் போன்ற வளைய மூலக்கூறுகளில் இவ்வேறுபாடு மிகுதி. அவற்றின் எலக்ட்ரான்களுள் சில ஓர் அணுவோடு நில்லாமல் வளையம் முழுதும் உலவுவதே காரணம். 1936இல் கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இணைந்து, படிகத்தின் காந்தப்பண்பை மூலக்கூறின் அமைப்போடு தொடர்புபடுத்தினர். மறு ஆண்டு பிரிட்ஸ் லண்டன் அதற்குக் குவாண்டம் விளக்கம் அளித்தார்.

லண்டனின் கணக்கு எலக்ட்ரான்களைத் தனித்தனியாகவே கருதியது. உண்மையில் அவை ஒன்றையொன்று விலக்கி, ஒன்றன் இருப்பிடத்திற்கேற்ப மற்றொன்று விலகி நகர்கின்றன. ஒவ்வொன்றும் மற்றதன் சராசரி விளைவை மட்டுமே உணர்வதாகக் கொண்டால், ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பாற்றலில் ஏறத்தாழக் கால்பங்கு கணக்கில் வாராது போகும். புளூரினிலோ பிணைப்பே உருவாகாது என்னும் தவறான விடை கிடைக்கும்! இந்த இடையுறவைக் கணக்கில் கொள்வதே இன்றைய குவாண்டம் வேதியியலின் கடினமான பணி.

கிருஷ்ணன் 1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்று, 1961 ஜூன் 14ஆம் நாள் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.