பறித்த பதக்கத்தைக் கழற்றாத டாக்டர் மேரி வாக்கர்

டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு எழுத்து மாறினால் என்ன பாடு என்று சின்னமனூர் பக்கத்து முன்னாள் ராணுவத்தினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் டாக்டர் மேரி வாக்கருக்கோ ஏட்டில் பதவியே இல்லை.

1832-ல் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு ஒப்பந்த டாக்டராக வேலை பார்த்தார். 1864-ல் எதிரிகளிடம் பிடிபட்டு நாலு மாதம் சிறையில் கிடந்தார். போர் முடிந்ததும் அதிகாரி பதவி கேட்டார். பெண்ணுக்குக் கொடுத்த முன்னுதாரணம் இல்லையாம். அதற்குப் பதிலாக 1865 நவம்பரில் ‘மெடல் ஆஃப் ஹானர்’ கொடுத்தார்கள். நம்ம பரம்வீர் சக்ரா மாதிரி, இன்று அங்கே அதுதான் உச்ச வீரப் பதக்கம்.

1917-ல் பழைய ஏடுகளைப் புரட்டிய ராணுவக் குழு, 911 பேரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதில் 864 பேர் ஒரே படைப்பிரிவு. கொஞ்சம் பேர் கூடுதல் நாள் இருந்ததற்காக மொத்தப் பேருக்கும் அள்ளிக் கொடுத்த பதக்கம். அதை நீக்கியது சரிதான். ஆனால், ராணுவப் பதவியில் இல்லாதவர் என்று வாக்கரையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். பதவி தராததும் அவர்கள்தானே!

வாக்கர் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. 1919-ல் சாகும்வரை அணிந்தே நடமாடினார்.

உறவினர் விடாமல் போராட, 1977-ல் ராணுவ ஆவணத் திருத்த வாரியம் வழக்கை எடுத்தது. பெண் என்பதால் பாகுபாடு நடந்திருக்கிறது என்று கண்டது. பெயர் மறுபடி ஏறியது. அந்தப் பதக்கம் பெற்ற ஒரே பெண் இன்றும் அவர்தான்.