வயலைத் தேடிச் சென்ற பாடசாலை: ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வர்

நிலக்கடலையிலிருந்து ஏறக்குறைய 300 பொருட்களை உருவாக்கிக் காட்டியவர் என்றே ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வரைப் பலரும் அறிந்துள்ளனர். அவர் புகழ் பெற்றதும் அதனாலேயே. எனினும் அவரது வாழ்நாளின் பெரும் பகுதி வேறொரு பணியிலேயே கழிந்தது. பாடசாலையின் வாசலை மிதிக்க இயலாத ஏழை விவசாயிகளுக்கு விவசாய அறிவை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே அப்பணி. இப்பாடத்தில் நாம் அதனையே முதன்மையாகக் கொண்டு அவரது வாழ்க்கையை நோக்குவோம்.

கார்வர் 1864ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். அடிமைகளின் பிறப்பை முறையாகப் பதிந்து வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. ஆகவே அவர் பிறந்த திகதி எவருக்கும் தெரியாது. அவரது தாய் மேரி, மோசஸ் கார்வர் என்னும் வெள்ளையின விவசாயிக்குச் சொந்தமான அடிமையாவார். உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் கொள்ளையர் கூட்டமொன்று தாயையும் கைக்குழந்தையையும் கடத்திச் சென்றது. மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடியபோது குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது. தாய் திரும்பவேயில்லை. அடிமைமுறை ஒழிந்த பின்னர் மோசஸும் அவரது மனைவி சூசனும் ஜோர்ஜையும் அவரது தமையன் ஜிம்மையும் தம் வீட்டிலேயே வளர்த்தனர்.

ஜோர்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு உடல் இடங்கொடாமையால் சமையல், சலவை, தையல் முதலியவற்றைக் கற்றுக்கொண்டார். எஞ்சிய நேரத்தைக் காட்டிலே செடிகொடிகளுடன் கழித்தார். வாடிய செடிகளைத் தேற்றும் அவரது திறமை அயலாரிடையே பேசப்பட்டது. ஆனால் அவ்வூர்ப் பாடசாலையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. எனவே பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, நியோஷோ என்னும் ஊரிலிருந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கான பாடசாலையிற் சேர்ந்தார். அங்கு மரியா வொட்கின்ஸ் என்னும் மருத்துவிச்சியின் வீட்டில் தங்கி, வீட்டு வேலைகளுக்கு உதவியவாறே படித்தார். அதன் பின் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைந்து, சலவைத் தொழிலாலும் சமையல் வேலையாலும் பிழைத்துக்கொண்டு கல்வியைத் தொடர்ந்தார். கல்லூரியொன்று அவரது விண்ணப்பத்தைக் கடிதம் மூலம் ஏற்றுக்கொண்டது. அவர் நேரிற் சென்று நின்றபோது, நிறத்தைக் கண்டு சேர்க்க மறுத்துவிட்டது. அந்த ஏமாற்றத்தின் பின் சில ஆண்டுகள் கன்சாஸின் வறண்ட சமவெளியில் நிலம் எடுத்துத் தனியே பயிர் செய்தார்.

1890இல் அயோவா மாநிலத்தின் சிம்சன் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கு அவர் பயின்றது ஓவியம்! அவர் வரைந்த செடிகளைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், தாவரவியல் கற்குமாறு அவரைத் தூண்டினார். 1891இல் அயோவா மாநில விவசாயக் கல்லூரியில் முதலாவது கறுப்பின மாணவராகச் சேர்ந்து, 1894இல் இளமாணிப் பட்டமும் 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். தாவர நோய்களும் பங்கசுக்களும் அவரது சிறப்புத் துறைகள். அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் நியமிக்கப்பட்டார். வசதியான ஆய்வுகூடமும் மதிப்பான தொழிலும் கையிலிருந்தன. அந்நிலையிலேயே தெற்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

அழைத்தவர் புக்கர் டி. வொஷிங்டன். அடிமையாகப் பிறந்து, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரில் கறுப்பின மாணவருக்கென 1881இல் தொடங்கப்பட்ட கல்வி நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். தம் நிறுவனத்தின் விவசாயத் துறைக்குத் தலைவராக வருமாறு கார்வரைக் கேட்டார். கார்வர் 1896இல் டஸ்கீகி சென்றார். அங்கு ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. குப்பையிலிருந்து வெற்றுப் போத்தல்கள், பழைய தகரங்கள், உடைந்த பாத்திரங்கள் ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டு பொறுக்குவித்து, அவற்றையே உபகரணங்களாக்கினார்.

அலபாமாவின் அன்றைய நிலையை மாணவர் விளங்கிக்கொள்ளல் அவசியம். அடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலானோர் பழைய நிலவுடைமையாளரின் காணிகளில் வாரத்துக்குப் பயிர் செய்தனர். விதை, ஏர், உணவு யாவும் கடன். அறுவடையில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போக, மிகுதியைக் கடன் விழுங்கிவிடும். காசு தரும் பயிர் பருத்தி என்பதால் நிலக்காரரும் கடைக்காரரும் பருத்தியையே கேட்டனர். வீட்டு வாசல்வரை பருத்தி நட்டவர்கள் காய்கறியையும் இறைச்சியையும் கடனுக்கு வாங்கி உண்டனர். ஆண்டாண்டாக ஒரே பயிரைத் தாங்கிய மண் சத்திழந்து, மழையில் அரிக்கப்பட்டு, நிலமெங்கும் ஓடைபோல் வெடித்துக் கிடந்தது.

இத்தகைய மண்ணைத் தேற்றும் வழியைக் கார்வர் நிறுவனத்தின் பரிசோதனைத் தோட்டத்தில் தேடினார். அவர் கண்ட வழி புதிதன்று. ஆனால் அப்பகுதி விவசாயிகளுக்கு அது எட்டியிருக்கவில்லை. கௌபி, நிலக்கடலை (நாம் கச்சான் என்பது) போன்ற அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைத் தாவரத்துக்குப் பயன்படும் வடிவுக்கு மாற்றுகின்றன. பருத்திக்குப் பின் இவற்றைப் பயிரிட்டு, தாவர மீதிகளை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தால் இழந்த நைதரசனில் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யலாம். இரசாயனப் பசளை வாங்க வசதியற்றவர்களுக்குக் காட்டிலைகளையும் சதுப்பு நிலச் சேற்றையும் சேர்த்து மக்கவைத்த கூட்டெருவைப் பரிந்துரைத்தார். காசில்லாதவனால் செய்ய முடியாத ஒன்றை அவனுக்குப் போதித்துப் பயனில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவரது போதனையின் சிறப்பு இதுவே என்று கூறலாம்.

ஆயினும் பரிசோதனைத் தோட்டத்தில் விளைந்த அறிவு அங்கேயே தங்கிவிடலாகாதல்லவா? வொஷிங்டன் 1892 முதல் ஆண்டுதோறும் டஸ்கீகியில் விவசாயிகள் மாநாடு ஒன்றை நடத்தி வந்தார். முதலாவது மாநாட்டுக்கே பல நூறு பேர் வந்தனர். பேராசிரியர்களின் நீண்ட உரைகளுக்கு அங்கு இடமில்லை. விவசாயிகளே எழுந்து தம் கடனையும் விளைச்சலையும் வாங்கிய காணியையும் பற்றிப் பேசினர். கார்வர் வந்த பின் அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று பயிர்களை நேரிற் காட்டுவதும் வழக்கமாயிற்று. ஆண்டுக்கொரு நாள் போதாதென்று கண்ட அவர், 1897இல் மாதாந்த விவசாயிகள் கூட்டங்களை ஆரம்பித்தார். 1904இல், வயல் வேலை குறைந்த குளிர்காலத்தில், விவசாயிகளுக்கான குறுங்காலப் பாடநெறியும் தொடங்கியது.

இவற்றோடு பிரசுரங்களும் வெளிவந்தன. முதலாவது பிரசுரம் 1898இல் வெளியானது. ஓக் மரத்தின் விதைகளைக் கால்நடைத் தீனியாகப் பயன்படுத்துவது பற்றியது அது. காட்டில் வீணே விழுந்து கிடப்பதைப் பன்றிக்கும் கோழிக்கும் உணவாக்கினால் தீனிச் செலவு குறையும். களைத்த மண்ணைத் தேற்றுவது பற்றி 1905இலும், நிலக்கடலைச் செய்கையையும் அதனை உணவாக்கும் 105 முறைகளையும் பற்றி 1916இலும் எழுதினார். மொத்தம் 44 பிரசுரங்கள். விவசாயிக்குச் செய்கை முறை, ஆசிரியருக்கு விஞ்ஞான விளக்கம், குடும்பத் தலைவிக்குச் சமையற் குறிப்பு என ஒரே பிரசுரம் மூவருக்கும் உதவுமாறு எழுதுவது அவரது பாணி.

ஆனால் எழுத்தறியாதவருக்குப் பிரசுரத்தால் என்ன பயன்? மாநாட்டுக்கு வர ஒருநாள் வேலையை விட இயலாதவன் எங்கே கற்பான்? டஸ்கீகிக்கு வந்தோர் ஓரளவேனும் வசதி படைத்தோர். கடனில் அமிழ்ந்து கிடந்தோர் வரவில்லை. இக்குறையை அறிந்திருந்த கார்வர், வார இறுதிகளில் வண்டியொன்றில் கருவிகளையும் மாதிரிகளையும் ஏற்றிக்கொண்டு தாமே கிராமங்களுக்குச் செல்வதுண்டு. இதனைப் பெரிய அளவிற் செய்ய வொஷிங்டன் விரும்பினார். வண்டியின் அமைப்பைக் கார்வர் வரைந்து கொடுத்தார். நியூயோர்க் வங்கியாளர் மொரிஸ் ஜெசப் பண உதவி செய்தார். அவரது பெயரால் ஜெசப் விவசாய வண்டி எனப்பட்ட அந்த நடமாடும் பாடசாலை 1906ஆம் ஆண்டு மே மாதத்தில் புறப்பட்டது.

கோவேறு கழுதைகள் பூட்டிய அந்த வண்டியில் பலவகைக் கலப்பைகள், விதையிடும் கருவி, விதைகள், பசளை மாதிரிகள், வெண்ணெய் கடையும் கருவி, பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் பொறி, பாலின் தரத்தைச் சோதிக்கும் கருவி ஆகியன இருந்தன. வண்டி ஓர் ஊரில் நிற்கும். அயலார் ஒரு விவசாயியின் காணியிற் கூடுவர். மேலோட்டமாகக் கீறிப் பழகியவர்களின் கண்முன்னே நிலம் ஆழ உழப்படும், விதை இடப்படும், பசளை கலக்கப்படும். பெண்களுக்குப் பாற்பொருள் செய்முறை காட்டப்படும். பின்னர் பயிரின் பருவத்துக்கேற்ப வண்டி மீண்டும் வரும். தன் அயலவனின் காணியிலே, தன் காணியின் அதே மண்ணிலே, பயிர் செழிப்பதைக் கண்டவனுக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. முதற் கோடையிலேயே மாதமொன்றுக்கு ஏறக்குறைய 2,000 பேர் இவ்வண்டியால் பயன்பெற்றதாகக் கணக்கிடப்பட்டது.

இதே காலத்தில் ஸீமன் நாப் என்பவர் 1903இல் டெக்சாஸ் மாநிலத்தில் விவசாயியின் சொந்த நிலத்திலேயே செய்துகாட்டும் முறையைத் தொடங்கியிருந்தார். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் சார்பில் அவர் இயங்கினார். டஸ்கீகியின் வண்டி அவரது கவனத்தை ஈர்த்தது. 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கார்வரிடம் பயின்ற தோமஸ் கம்பெல் என்னும் இளைஞர் திணைக்களத்தின் முதலாவது கறுப்பின விவசாயப் போதனாசிரியராக நியமிக்கப்பட்டு, வண்டியைப் பொறுப்பேற்றார். 1914இல் நிறைவேறிய சிமித்–லீவர் சட்டம் விவசாய விரிவாக்கச் சேவையை அமெரிக்கா முழுவதற்கும் நிரந்தர ஏற்பாடாக்கியது. எனினும் தென் மாநிலங்களில் அச்சட்டத்தின் கீழ் வந்த பணம் வெள்ளையினக் கல்லூரிகளின் கைகளிலேயே இருந்தது. கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது.

அக்காலத்தில் பருத்திக் கூன்வண்டு மெக்சிக்கோப் பக்கமிருந்து பரவி, 1910ஆம் ஆண்டளவில் அலபாமாவை எட்டியது. பருத்தி அழிந்த இடங்களில் நிலக்கடலை பரவலாயிற்று. விளைந்ததை விற்கச் சந்தை வேண்டும். அதற்காகவே கார்வர் நிலக்கடலை, வற்றாளைக் கிழங்கு ஆகியவற்றின் பல்வேறு பயன்களைக் கண்டறிவதில் மூழ்கினார். பால், மா, சாயம், சவர்க்காரம் எனப் பட்டியல் நீண்டது. 1921இல் அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்றின் முன் நிலக்கடலை இறக்குமதி வரிக்கு ஆதரவாகச் சாட்சியமளிக்க அழைக்கப்பட்டார். அவருக்கு வழங்கப்பட்டது 10 நிமிடங்கள். அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டக் காட்ட, உறுப்பினர்கள் நேரத்தை நீடித்துக்கொண்டே சென்றனர். அதன் பின்னரே நாடு முழுவதும் அவரது பெயர் பரவியது.

இங்கு மாணவர் இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். நிலக்கடலை வெண்ணெயைக் கார்வர் கண்டுபிடித்தார் எனச் சில நூல்களிற் காணப்படுவது தவறு. அது அவருக்கு முன்னரே இருந்தது. மேலும் அவர் உருவாக்கிய பொருட்களுட் பெரும்பாலானவை தொழிற்சாலைகளிற் பெருமளவில் உற்பத்தி செய்யப்படவில்லை. அவர் பெற்ற காப்புரிமங்கள் மூன்றே.

அவரது விவசாயப் போதனைக்கும் ஓர் எல்லை இருந்தது. எதை நடுவது என்ற தீர்மானம் வாரக் குடியானவனின் கையில் இல்லை. பருத்தியைக் குறைத்துக் கௌபி நட நிலக்காரர் சம்மதிக்க வேண்டும். மண்ணைத் தேற்றினாலும் அடுத்த ஆண்டும் அதே காணி அவனுக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கடன்முறையையும் இனப் பாகுபாட்டையும் கலப்பையால் உழுதுவிட முடியாது. கார்வர் அரசியலிலிருந்து ஒதுங்கியே நின்றார். இதற்காக அவரைக் குறை கூறுவோரும் உளர். வீட்டுத் தோட்டம், கோழி, பாதுகாத்து வைத்த உணவு ஆகியவற்றால் கடைக் கடனைச் சற்றேனும் குறைக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி. காணி வாங்கும் நிலையிலிருந்த சிலருக்கு அது கைகொடுத்தது. எல்லோருக்கும் அல்ல.

வண்டியின் கதை தொடர்ந்தது. 1918இல் விலங்கு வண்டிக்குப் பதிலாக மோட்டார் லொறி வந்தது. 1923இல் புதிய லொறியொன்று வாங்கப்பட்டபோது, அதற்கான பணத்தை அலபாமாவின் பல்லாயிரக்கணக்கான கறுப்பின விவசாயிகளும் அவர்களது நண்பர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தனர். அதில் விவசாயப் போதனாசிரியருடன் தாதி ஒருவரும் மனையியல் போதிக்கும் பெண் ஒருவரும் பயணம் செய்தனர்.

கார்வர் திருமணம் செய்யவில்லை. டஸ்கீகியில் 46 ஆண்டுகளைக் கழித்த அவர், சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணத்தைத் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிதியத்துக்கு அளித்தார். 1943ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி காலமாகி, புக்கர் டி. வொஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில், அவர் அடிமைக் குழந்தையாகப் பிறந்த மிசூரிப் பண்ணை தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.