படிக்கட்டில் தொடங்கிய நகரத் திட்டம்

ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் 1854 அக்டோபர் 2 அன்று பிறந்தவர் பாட்ரிக் கெட்டஸ். படித்தது உயிரியல். மெக்சிகோவுக்குப் போயிருந்தபோது கண்பார்வை பாதிக்கப்பட்டு, இருட்டறையில் நாட்களைக் கழிக்க நேர்ந்தது. அதன்பின் நுண்ணோக்கி வேலை சிரமமாகிவிட, செடிகொடிகளைப் பார்த்த அதே பார்வையில் மனிதர் வாழும் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்தார். இருவரும் எடின்பரோவின் வசதியான பகுதியை விட்டு, பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில் குடியேறினார்கள். வசதியுள்ளவர்கள் என்றோ காலி செய்துவிட்டுப் போன பகுதி அது. உயரமான பழைய அடுக்குமாடிகள், பொதுப் படிக்கட்டு, நெரிசல், அழுக்கு. கணவனும் மனைவியுமாகத் துடைப்பத்தை எடுத்தார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரும் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார்கள்.

சுத்தம் செய்ததோடு நிற்கவில்லை. பழைய வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்து, 1887-இல் மாணவர் விடுதி தொடங்கினார். ராம்சே கார்டன் என்ற குடியிருப்பை எழுப்பினார். ஜான் டங்கன் போன்ற ஓவியர்களைக் கொண்டு சுவர்களில் நாட்டுப் பழங்கதைகளை வரையவைத்தார். 1892-இல் ஒரு கோபுரத்தை வாங்கி, நகர மக்கள் தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் காட்சிக்கூடமாக மாற்றினார். மாணவர்களும் பேராசிரியர்களும் கலைஞர்களும் அங்கே குடிவந்தார்கள்.

வங்கியில் கணக்கு எழுதிய எனக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இத்தனையும் பெரும்பாலும் கடனில் நடந்தது. கடன் கழுத்தை நெரிக்க, 1896-இல் ஒரு கம்பெனி அமைத்துச் சொத்துகளை அதன் பொறுப்பில் விட வேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்துக்கும் வரவு செலவு உண்டு.

1914-இல் சென்னை மாகாண கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்கள் தனிக் கப்பலில் வந்தன. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. நண்பர்கள் உதவியோடு புதிதாகப் படங்களைச் சேர்த்து, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

பிறகு தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களுக்குச் சென்று அறிக்கை எழுதினார். வீடுகளை வரிசையாக இடித்து நேர்சாலை போடுவதுதான் அன்றைய வழக்கம். அவர் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். மிகப் பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரமும் திறந்தவெளியும் அமைக்கலாம் என்றார். செலவும் குறைவு, வீடிழப்பவர்களும் குறைவு.

1917-இல் மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்தான். அன்னா அப்போது இங்கே காய்ச்சலில் கிடந்ததால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார். அந்தத் துக்கத்தோடுதான் பிளேக் பயத்தில் இருந்த இந்தூரில் ஒரு தீபாவளி ஊர்வலத்தை ஏற்பாடு செய்தார். எந்தத் தெருவாசிகள் தங்கள் தெருவை நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊரே குப்பையை அள்ளியது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளுடையும் மாலையுமாக ஊர்வலத்தில் நடந்தார்கள். அழுக்கு அரக்கன் பொம்மையும் பிளேக் எலிப் பொம்மையும் எரிக்கப்பட்டன.

கெட்டஸ் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். டெல் அவிவ் நகருக்குத் திட்டம் தந்தார். 1932-இல் பிரான்சில் காலமானார்.

நம் குடியிருப்பில் அடுத்து பெயிண்டிங் வேலை பற்றிப் பேசும்போது, படிக்கட்டுச் சுவரில் ஒரு பகுதியையாவது நம் பிள்ளைகள் வரைய விட்டுவைக்கலாம். கூட்டிப் பெருக்குபவர்களை அடுத்த விழாவில் முன்வரிசையில் உட்காரவைக்கலாம். இரண்டுக்கும் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த வேண்டியதில்லை.