தசமக் கணக்கை எளிதாக்கிய ஜம்ஷீத் அல்-காஷி

நோன்புப் பெருநாள் நெருங்குகையில் நம் காரைக்கால் முஹல்லாக்களில் ஃபித்ரா அரிசி பங்கிடப்படுகின்றது. ஆளுக்கு 2.5 கிலோ எனக் கொண்டால், 22.5 கிலோ எத்தனை பேருக்கு வரும்? நம் பிள்ளைகள் இரண்டையும் பத்தால் பெருக்கி, 225ஐ 25ஆல் வகுத்து, 9 என்பர். அரிசியும் பங்கும் ஒரே மடங்கில் பெருகுவதால் ஆட்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. இத்தகைய கணக்கைப் பாமரரும் செய்ய வேண்டுமென விரும்பியவர் ஜம்ஷீத் அல்-காஷி.

ஈரான் நாட்டுக் காஷான் நகரில் பிறந்த அவர், தைமூரின் படையெடுப்புகளால் நலிந்த காலத்தில் வறுமையிலேயே வளர்ந்தார். 1406ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் காஷானில் சந்திர கிரகணத்தை ஆராய்ந்து குறித்துள்ளார். பின்னர்த் தைமூரின் பேரரான உலூக் பேக் அவரைச் சமர்கந்துக்கு அழைத்துக்கொண்டார். அரசவை நடைமுறைகள் அறியாதவர் என்பர். அறிவை மதித்த அரசர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1424இல் வட்டச் சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை 16 தசம இடங்கள் வரை கணித்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் எவரும் அதனை மிஞ்சவில்லை.

எனினும் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது, 1427இல் நிறைவுற்ற "மிஃப்தாஹுல் ஹிஸாப்" (கணக்கின் திறவுகோல்) என்னும் நூலே. அக்காலத்தில் வானியலார், இன்று நாம் மணியை நிமிடங்களாகப் பகுப்பது போல, பின்னங்களை அறுபது அறுபதாகப் பகுத்தனர். அது கற்றோர்க்கே கைவந்தது. அல்-காஷியோ ஒன்றைப் பத்தாகவும், பத்தில் ஒன்றை மீண்டும் பத்தாகவும் பகுத்தார். முழு எண்ணுக்குரிய விதிகளே பின்னத்துக்கும் பொருந்தின. பின்னப் பகுதியைக் கோடிட்டோ வேறு நிற மையாலோ பிரித்துக் காட்டினார். நாம் இன்று இடும் புள்ளியின் வேலையை அவை செய்தன.

தசமப் பின்னத்தை முதலில் கண்டவர் அவரே என்று கூறுவது மிகை. 952ஆம் ஆண்டளவில் திமிஷ்க் நகரில் அல்-உக்லீதிஸீ அதனைக் கையாண்டிருந்தார். ஆயினும் அதனை முறையான கணக்கியலாக விரித்துரைத்த பெருமை அல்-காஷிக்குரியது. ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் தசம நூல் வெளியிட்டது 1585இல்தான்.

ஹிஜ்ரி 832 ரமலான் 19 (22.6.1429) அன்று சமர்கந்தின் வானாய்வுக் கூடத்தில் அவர் மறைந்தார். அவரும் பங்காற்றிய விண்மீன் அட்டவணையை ஏனைய அறிஞர்கள் 1437இல் முடித்தனர்.